ஆப்பிள் தோட்டத்து ஈட்டிமுனைகள்: கிழக்கு வெனாச்சிப் பதுக்கல், ஒரு நிகழ்வு ஆய்வு

1987ஆம் ஆண்டு மே 27. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றின் கிழக்குக் கரையில் உள்ள ஓர் ஆப்பிள் தோட்டத்தில் தண்ணீர்க் குழாய் பதிக்க இரண்டு தொழிலாளர்கள் பள்ளம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஆற்றோரச் சரளை மேட்டில் பள்ளம் வெட்டினால் கல் வரத்தான் செய்யும். ஆனால் அன்று வந்த கல் வேறு மாதிரியானது. இரண்டு முகத்திலும் சீவல் சீவலாகப் பெயர்த்து, ஓரத்தைக் கூராக்கி, நடுவில் தடிப்பு தெரியாமல் மெலிய வைத்த கல். வெயிலில் தூக்கிப் பிடித்தால் சிலவற்றில் ஒளி ஊடுருவியது. ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. அவற்றில் மிகப் பெரியது 23 சென்டிமீட்டர் நீளம். நம் கணக்கில் சொன்னால் நிறைவான ஒரு சாண்.

வெனாச்சி வட்டாரம் ஆப்பிளுக்குப் பேர்போனது. அதனால் இந்தக் கண்டுபிடிப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் தோட்டத்திலிருந்தே தொடங்குகிறார்கள், நானும் தொடங்கிவிட்டேன். ஆனால் இந்த நிகழ்வில் என்னைப் பிடித்து நிறுத்துவது தோட்டமோ முனைகளின் அழகோ அல்ல. யாரோ ஒருவர், அல்லது சிலர், ஏறத்தாழ 13,000 ஆண்டுகளுக்கு முன் இவ்வளவு உழைத்துச் செய்த பொருள்களை ஒரே இடத்தில் சேர்த்து மண்ணுக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஏன்? விடைக்கான சான்று கல்லில் பாதிதான் இருக்கிறது. மறுபாதி அந்தக் கல் மண்ணில் கிடந்த கிடையில் இருக்கிறது. எது எதன் மேல், எந்த முகம் கீழே, பக்கத்தில் என்ன, அடியில் என்ன மண் என்பதெல்லாம் சேர்ந்ததுதான் ஒரு பதுக்கல். கையில் எடுத்த கணத்தில் அந்தப் பாதி போய்விடும். கிழக்கு வெனாச்சியில் அது முழுவதும் போய்விடவில்லை. இந்த ஆய்வு அதைப் பற்றியது.

குளோவிஸ் என்பவர்கள்

முனைகளைப் பார்த்தவுடன் தொல்லியலாளர்களுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. நியூ மெக்சிகோ மாநிலத்தில் குளோவிஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. அதன் அருகே பிளாக்வாட்டர் டிரா என்ற இடத்தில் 1930களில் மாமத் எலும்புகளோடு சேர்ந்து ஒரு வகை ஈட்டிமுனை கிடைத்தது. ஊர்ப் பெயரே முனைக்கும், அதைச் செய்தவர்களின் பண்பாட்டுக்கும் ஆகிவந்தது. அவர்கள் தங்களை என்ன சொல்லி அழைத்துக்கொண்டார்களோ அது அவர்களோடு போய்விட்டது. நம்பகமான கரிமக் கணிப்புகளை (எலும்பு, கரி போன்றவற்றில் எஞ்சிய கதிரியக்கக் கரிமத்தை அளந்து காலம் சொல்வது) மட்டும் வைத்துப் பார்த்தால் குளோவிஸ் காலம் இன்றைக்கு 13,050 முதல் 12,750 ஆண்டுகள் வரை முந்தையது. சுமார் முந்நூறு ஆண்டுகள்தான். அதற்குள் வட அமெரிக்காவின் பெரும்பகுதியில் இந்த முனை பரவிவிட்டது. மாமத், மாஸ்டோடான், ஒட்டகம், குதிரை ஆகியவை அந்த நிலத்திலிருந்து மறைந்ததும் ஏறத்தாழ அதே காலத்தில்தான்.

குளோவிஸ் முனையைக் கண்டுகொள்ள ஓர் எளிய வழி உண்டு. அடியிலிருந்து மேல்நோக்கி நடுவில் ஓடும் பள்ளத்தைப் பார்க்க வேண்டும். முனையை ஏறத்தாழ முடித்த பிறகு, அடிப்பகுதியில் ஒரு சிறு மேடையைத் தயார்செய்து, அதில் ஒரே தட்டு தட்டி, நீளமான ஒரு சீவலைப் பெயர்த்து எடுப்பார்கள். பிறகு திருப்பி மறு முகத்திலும் அதையே செய்வார்கள். அடி மெலிந்துவிடும், பிளந்த தண்டுக்குள் செருகிக் கட்ட வசதியாக இருக்கும். தட்டு சற்றுப் பிசகினாலும் முனை இரண்டாக உடையும். அதுவரை செய்த வேலை அத்தனையும் வீண். இவ்வளவு ஆபத்தான வேலையை வேலையின் கடைசிக் கட்டத்தில் வைத்துக்கொண்டவர்கள் தங்கள் கையின் மேல் எவ்வளவு நம்பிக்கை வைத்திருக்க வேண்டும்!

இன்னொரு நுணுக்கத்தையும் கவனிக்க வேண்டும். முனையின் மேற்பகுதி ஓரம் சவரக்கத்தி போலக் கூராக இருக்கும். அடிப்பகுதிக்கு விரலை இறக்கினால் ஓரம் திடீரென மழுங்கிப் போகும். தேய்ந்து மழுங்கியதல்ல, வேண்டுமென்றே உரைத்து மழுக்கியது. தண்டோடு சேர்த்துக் கட்டும் நரம்புக் கயிற்றைக் கூரான ஓரம் அறுத்துவிடக் கூடாது என்பதற்காக. எத்தனையோ முறை கட்டு அறுந்து, வேட்டையில் ஏமாந்து, அதிலிருந்து கற்றுக்கொண்ட கை அது. ஒரு முழுச் சமூகத்தின் அனுபவம் அந்த இரண்டு விரற்கடை மழுங்கலில் இருக்கிறது.

முனைகளின் அளவு

அரிசோனாவில் நாக்கோ என்ற இடத்தில் 1952இல் ஒரு மாமத்தின் எலும்புக்கூட்டுக்குள் எட்டு குளோவிஸ் முனைகள் கிடைத்தன. வேட்டையில் உண்மையாகப் பாய்ந்த முனைகள். அவற்றில் எதுவும் 12 சென்டிமீட்டரைத் தாண்டவில்லை. கிழக்கு வெனாச்சியின் பெரிய முனை அதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. இதுவரை கிடைத்த குளோவிஸ் முனைகளில் மிகப் பெரியவை இந்தத் தோட்டத்து முனைகள்தான்.

ஒரு சாண் நீளக் கல்லை ஈட்டியில் கட்டி எறிய முடியுமா? முடியும் என்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மெல்லிய நீளமான கல் எலும்பில் பட்டால் ஒடிவதற்கு வாய்ப்பு மிக அதிகம். கத்தியாகப் பயன்படுத்தலாம். ஒடிந்தால் திரும்பச் சீவிச் சிறு முனையாக்கலாம். பெரிய முனை என்பது உள்ளுக்குள் பல சிறு முனைகளை வைத்திருக்கும் கற்சேமிப்பு என்றும் சொல்லலாம். இந்த வாதத்தை நான் ஒதுக்கவில்லை. ஆனால் சேமிப்புதான் நோக்கம் என்றால் அரைகுறையாகச் சீவிய பாளமே போதும். தூக்கிச் செல்லவும் அது பத்திரம். கடைசிப் பள்ளம்வரை பெயர்த்து முடிக்க வேண்டிய தேவை இல்லை. முடித்த முனை இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்றால், அளவே அதைச் செய்தவர்களுக்கு ஏதோ ஒன்றைச் சொல்லியிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

முனைகளோடு எலும்புக் கோல்களும் கிடைத்தன. மாமத் அல்லது மாஸ்டோடானின், அதாவது யானையினத்து விலங்கின், எலும்பிலிருந்து செதுக்கியவை. முனையைச் சாய்வாகச் சீவி அந்தப் பரப்பில் கோடுகள் கீறியிருக்கிறார்கள். இவை எதற்கு? ஈட்டித் தண்டுக்கும் கல்முனைக்கும் நடுவில் பொருத்தும் இணைப்புத் தண்டு என்பது பழைய கருத்து. கட்டை இறுக்கும் ஆப்பு என்று வாதிட்டவர்கள் உண்டு. பனியில் இழுக்கும் வண்டியின் அடிக்கட்டை என்றும் ஒரு கருத்து வந்தது. கல்லோடு எலும்பு எந்தக் கோணத்தில், எந்த ஒழுங்கில் கிடந்தது என்று தெரிந்தால் இந்த விவாதம் பாதியாகச் சுருங்கும். குழாய்ப் பள்ளத்திலிருந்து கையால் எடுத்தவற்றுக்கு அந்தத் தகவல் இல்லை.

தொழிலாளர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்கள் பார்த்ததைக் கண்டுகொண்டார்கள், சொன்னார்கள், தூக்கி எறியவில்லை. அதனால்தான் இன்று நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

1988: சாம்பல் சொன்ன காலம்

அடுத்த ஆண்டு, 1988 ஏப்ரலில், வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பீட்டர் மேரிங்கர் தலைமையில் ஒரு குழு அங்கே அகழாய்வு செய்தது. குளோவிஸ் ஆய்வில் தேர்ந்த பலர் கூடினார்கள். வேலை ஒரு சில நாள்தான். முழுக் குவியலையும் கிளறி எடுப்பது அவர்கள் நோக்கமாக இருக்கவில்லை. எது எங்கே கிடக்கிறது என்று பார்ப்பது, குழாய்ப் பள்ளத்தால் எவ்வளவு கலைந்திருக்கிறது என்று அறிவது, இயன்ற மட்டும் மண்ணிலேயே விட்டுவைப்பது. அந்தக் கட்டுப்பாடு எனக்கு மிகப் பெரிதாகத் தெரிகிறது. இப்படி ஒரு கண்டுபிடிப்பின் மேல் உட்கார்ந்துகொண்டு கையை இழுத்துக்கொள்வது எந்த ஆய்வாளருக்கும் எளிதல்ல.

அந்தக் குழுவுக்கு ஒரு பெரும் சான்று கிடைத்தது. கிடந்த கிடையிலேயே இருந்த கருவிகளின் அடிமுகத்தில் மண்ணிலிருந்த சிலிக்கா மெல்லிய ஓடாகப் படிந்திருந்தது. அந்த ஓட்டுக்குள் நுண்ணிய எரிமலைத் துகள்கள் சிக்கியிருந்தன. ஒவ்வோர் எரிமலை வெடிப்புக்கும் அதன் கண்ணாடித் துகளில் தனி வேதியியல் முத்திரை உண்டு. இந்தத் துகள்கள் வடக்கே காஸ்கேட் மலைத்தொடரில் இருக்கும் கிளேசியர் பீக் எரிமலையுடையவை. அந்தப் பெருவெடிப்பு நிகழ்ந்தது இன்றைக்கு 13,700 முதல் 13,400 ஆண்டுகளுக்கு முன் என்று பின்வந்த கணிப்புகள் காட்டுகின்றன. அடியில் சாம்பல் இருக்கிறது என்றால் வெடிப்பு முந்தியது, பதுக்கல் பிந்தியது. சாம்பல் விழுந்த நிலத்துக்கு மனிதர்கள் வந்து, அந்த நிலத்தில்தான் இந்தக் கருவிகளை வைத்திருக்கிறார்கள்.

கரிக்கட்டையோ எலும்போ இல்லாமல், ஒரு கல்லின் அடிமுகத்தில் ஒட்டியிருந்த துகளிலிருந்து காலவரிசை கிடைத்தது. கல்லை யாரும் முன்பே புரட்டி, கழுவி, துடைத்து வைத்திருந்தால் இந்தச் சான்று தண்ணீரோடு போயிருக்கும். கிடை முக்கியம் என்று இந்தக் கட்டுரையில் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

நிலத்தையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பனியுகத்தின் இறுதியில் மொன்டானா பக்கம் பனிக்கட்டி அணை கட்டித் தேங்கிய மிசூலா ஏரி, அணை உடைந்து உடைந்து பல முறை பெருவெள்ளமாகப் பாய்ந்தது. அந்த வெள்ளங்கள் கொண்டுவந்து குவித்த சரளை மேடுகளில் ஒன்றின் மேல்தான் இந்தத் தோட்டம் இருக்கிறது. முதலில் வெள்ளம், பிறகு சாம்பல், பிறகு மனிதர்கள்.

1990: தோட்டத்து வாசலில் எதிர்ப்பு

1990இன் இலையுதிர்காலத்தில் இரண்டாம் அகழாய்வு நடந்தது. நியூயார்க் மாநிலத்திலுள்ள பஃபலோ அறிவியல் அருங்காட்சியகத்தின் மைக்கேல் கிராம்லி தலைமை தாங்கினார். இன்னும் பல கருவிகள் வெளிவந்தன. ஆனால் இந்த முறை கோல்வில் கூட்டுப் பழங்குடியினர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். வெனாச்சி என்ற ஊர்ப் பெயரே அந்தப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த பழங்குடி மக்களின் பெயர்தான். அவர்களின் வழித்தோன்றல்கள் கோல்வில் கூட்டமைப்பில் அடங்குவர். தங்கள் முன்னோரின் இடத்தை, ஒருவேளை அவர்களை அடக்கம் செய்த இடத்தை, யாரைக் கேட்டுத் தோண்டுகிறீர்கள் என்பது அவர்கள் கேள்வி.

பழங்குடியினரின் எலும்புகளையும் அடக்கப் பொருள்களையும் பாதுகாக்கும் கூட்டாட்சிச் சட்டம் அதே 1990இல், நவம்பர் 16 அன்று கையெழுத்தானது. ஆனால் அது கூட்டாட்சி நிலத்திலும் பழங்குடி நிலத்திலும் நடக்கும் கண்டெடுப்புகளுக்கே பொருந்தும். தனியார் ஆப்பிள் தோட்டம் அதற்கு வெளியே.

பிறகு ஒரு வழி பிறந்தது. அந்த இடத்தில் தோண்டும் உரிமை வாஷிங்டன் மாநில வரலாற்றுக் கழகத்துக்குப் போனது. பதினைந்து ஆண்டுகளுக்கு அகழாய்வு கூடாது என்ற நிபந்தனையும் வந்தது. வெளிவந்த கருவிகள் அந்தக் கழகத்தின் பொறுப்பில் சேர்ந்தன. குளோவிஸ் முனைகளுக்குச் சேகரிப்பாளர்கள் கொட்டிக்கொடுக்கும் பணத்தை நினைத்தால், இந்தக் குவியல் துண்டு துண்டாக ஏலத்துக்குப் போகாமல் ஒரே இடத்தில் பொதுச்சொத்தாக நின்றதே பெரும் பேறு. தடைக்காலம் 2007இல் முடிந்தது.

எதிர்ப்பை அறிவியலுக்கு வந்த இடையூறு என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இது அடக்கமாக இருக்கலாம் என்ற அச்சம் ஆதாரமற்றதல்ல. அதைப் புரிந்துகொள்ள மொன்டானாவுக்குப் போக வேண்டும்.

செங்காவி படிந்த குழந்தை

1968 மே மாதம். மொன்டானாவில் வில்சால் என்ற சிற்றூருக்கு அருகே, ஆன்சிக் குடும்பத்தின் நிலத்தில், கட்டுமானப் பணிக்கு மண் அள்ளிக்கொண்டிருந்த இரண்டு பேருக்கு முதலில் ஒரு முனை தெரிந்தது. பின்னர் நூற்றுக்கும் மேற்பட்ட கல், எலும்புக் கருவிகள் வந்தன. எல்லாவற்றின் மேலும் செங்காவி. அவற்றோடு ஒரு குழந்தையின் எலும்புகள். ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள் இருக்கும் ஆண் குழந்தை. எலும்பிலும் செங்காவி படிந்திருந்தது.

குளோவிஸ் காலத்தைச் சேர்ந்த அடக்கமாக நாம் அறிந்தது இந்த ஒன்றுதான். ஆனால் குழந்தையும் கருவிகளும் ஒன்றாக வைக்கப்பட்டவையா, வேறு வேறு காலத்தில் ஒரே இடத்தில் சேர்ந்தவையா என்ற சண்டை ஐம்பது ஆண்டுகள் ஓய்ந்தபாடில்லை. காரணம் எளிது. தொல்லியலாளர்கள் வருவதற்குள் எல்லாம் மண்ணைவிட்டு வெளியே வந்திருந்தது. கிடை போய்விட்டது. கரிமக் கணிப்பில் எலும்புக்கு ஒரு காலமும் கொம்புக் கருவிகளுக்குச் சற்று மூத்த காலமும் வந்தபோது ஐயம் வலுத்தது. 2018இல் எலும்புப் புரதத்திலிருந்து ஒரே ஓர் அமினோ அமிலத்தை மட்டும் பிரித்தெடுத்து மறுபடி கணித்தார்கள். இரண்டு காலமும் பொருந்திவந்தன. ஒரு வரைபடமும் சில நிழற்படங்களும் அன்றே எடுத்திருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய கேள்விக்கு அரை நூற்றாண்டு வேதியியல் தேவைப்பட்டது.

2014இல் அந்தக் குழந்தையின் மரபணுத்தொகுதி வெளியானது. நிலத்துக்கு உரிய குடும்பத்தில் பிறந்த மரபியல் ஆய்வாளர் சாரா ஆன்சிக்கும் அந்த ஆய்வில் பங்கெடுத்தார். இன்றைய அமெரிக்கப் பழங்குடிகளின் மூதாதையரோடு, குறிப்பாக மத்திய, தென் அமெரிக்க மக்களின் மூதாதையரோடு, அவனுக்கு நெருங்கிய உறவு தெரிந்தது. அதற்கும் அப்பால் வேர் ஆசியாவுக்குப் போனது. அதே ஆண்டு ஜூன் 28 அன்று, பழங்குடிப் பெரியவர்கள் கூடி, கண்டெடுத்த இடத்துக்கு அருகே அவனை மீண்டும் மண்ணில் வைத்தார்கள். 2024 இறுதியில் வந்த ஓர் ஆய்வு அவன் எலும்பின் ஐசோடோப்புகளை வைத்து, அவனுக்குப் பாலூட்டிய தாயின் உணவில் மாமத் இறைச்சிதான் முதலிடம் என்று கணித்தது.

ஒன்றிரண்டு வயதுக் குழந்தையால் ஒரு முனையையும் தட்டியிருக்க முடியாது. அத்தனை கருவியும் பெரியவர்களுடையவை. பல கைகளின் உழைப்பு. அதை அவனோடு வைத்து, மேலே செங்காவி தூவியிருக்கிறார்கள். இதைப் படித்த பிறகு, ஒரு குளோவிஸ் குவியலைக் கண்டால் முதலில் எழும் கேள்வி, பக்கத்தில் யாராவது படுத்திருக்கிறார்களா என்பதாகத்தான் இருக்கும். கோல்வில் மக்கள் கேட்டதும் அதைத்தான்.

மற்றப் பதுக்கல்கள் என்ன சொல்கின்றன

எல்லாப் பதுக்கலும் ஆன்சிக் அல்ல. கொலராடோவின் வடகிழக்கில் 1978இல் உழுத வயலில் கிடைத்த டிரேக் குவியலில் 13 முனைகள். பெரும்பாலானவை டெக்சாஸின் வடமுனையில் கிடைக்கும் அலிபேட்ஸ் கல்லால் ஆனவை. பல நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து கால்நடையாக வந்த கல். அதே கொலராடோவில் போல்டர் நகரில் 2008 மே மாதம் ஒரு வீட்டுத் தோட்டத்தில் மீன்குளம் வெட்டும்போது வந்தது மஹாஃபி குவியல்: 83 கருவிகள், ஒரு காலணிப் பெட்டிக்குள் அடங்கும் இடத்தில் நெருக்கியடித்துக் கிடந்தன. கொலராடோ பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் பாம்ஃபோர்த் ஆராய்ந்தார். ஒட்டியிருந்த புரத எச்சத்தைச் சோதித்ததில் ஒட்டகம், குதிரை, செம்மறி, கரடி என்று விடை வந்தது. புரதச் சோதனை முறைமேல் எல்லாருக்கும் ஒரே நம்பிக்கை இல்லை. ஆனால் ஒட்டகமும் குதிரையும் அந்த நிலத்திலிருந்து மறைந்த காலம் இதனோடு பொருந்துகிறது. மஹாஃபியில் முடித்த முனை ஒன்றுகூட இல்லை. அறுக்க, வெட்ட, மேலும் சீவ உதவும் கருவிகள். திரும்பி வந்தால் உதவும் என்று வைத்துப் போனவை என்பதில் எனக்கு ஐயமில்லை. இறைச்சி வெட்டியவர் கையைத் துடைத்துக்கொண்டு கருவிகளைக் கரையோர மண்ணில் செருகிவிட்டுப் போனது போன்ற ஓர் அன்றாடத்தன்மை அதில் இருக்கிறது.

ஐடஹோவில் 1961இல் சாலை வேலையின்போது கிடைத்த சைமன் குவியல் மறுபுறம். அங்கே பெரிய முனைகள். கண்ணாடி போன்ற பளிங்குப் படிகத்தில் செய்த பாளங்கள்கூட உண்டு. படிகத்தைச் சீவுவது மிகக் கடினம், வேட்டைக்கு அதனால் தனி நன்மையும் இல்லை. அழகுக்காகத் தேர்ந்தெடுத்த கல் என்றே சொல்லத் தோன்றுகிறது. கிழக்கு வெனாச்சிக்கு நெருங்கிய உறவு மஹாஃபி அல்ல, சைமன்தான்.

கிடையை இழந்த குவியலுக்கு ஃபென் குவியல் சாட்சி. 56 பொருள்கள், அற்புதமான வேலைப்பாடு. 1902 வாக்கில் யாரோ கண்டெடுத்தார்கள். பல பத்தாண்டுகள் குடும்பத்திலே இருந்து, 1988இல் ஒரு சேகரிப்பாளர் கைக்கு வந்தது. கிடைத்த இடம் யூட்டா, வயோமிங், ஐடஹோ மூன்றும் சந்திக்கும் பக்கம் என்பதோடு நின்றுவிடுகிறது. எந்த மேடு, எந்த ஓடைக்கரை என்று கேட்க ஆளில்லை. பார்க்கப் பார்க்கக் கண் நிறைகிறது. கேள்விக்கு விடை வராது.

நமக்குக் கிடைப்பவை எவை?

இந்த நிகழ்வை வாசிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. ஒருவர் கருவிகளைப் புதைத்துவைத்து, அடுத்த ஆண்டு வந்து எடுத்துக்கொண்டு போனால், நமக்கு ஒன்றும் மிஞ்சாது. வேலை செய்த பதுக்கல்கள் அத்தனையும் மறைந்துவிட்டன. நம் கையில் இருப்பவை யாரும் திரும்பி வராதவை மட்டுமே. வர நினைத்தும் வர முடியாமல் போனவர்களுடையவை சில. வரும் எண்ணமே இல்லாமல் வைத்தவர்களுடையவை சில. இரண்டும் ஒரே மண்ணில் ஒரே மாதிரிதான் கிடக்கும். ஆகவே, கிடைத்த இருபதுக்கு மேற்பட்ட குளோவிஸ் குவியல்களை வைத்துக்கொண்டு "குளோவிஸ் மக்கள் ஏன் புதைத்தார்கள்" என்று பொதுவிதி எழுதுவது சரியாகாது. வழக்கமான சேமிப்பு எத்தனையோ ஆயிரம் நடந்திருக்கலாம்; அவை நம் கணக்கில் வரவே வராது. கணக்கில் வருவதில் காணிக்கையும் அடக்கமும் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும்.

தமிழில் பதுக்குவது என்றால் ஒளித்துவைப்பது. பதுக்கை என்று சங்கப் பாலைப் பாடல்களில் வருவது, வழியில் மாண்டவர் உடல்மேல் குவித்த கற்குவியல். கொலம்பியா ஆற்றங்கரைக்கும் பாலைத்திணைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் இந்த ஆய்வின் இரு பக்கமும் நம் மொழியில் இவ்வளவு அருகருகே நிற்பது எனக்கு எழுத எழுத உறைத்துக்கொண்டே இருந்தது. வெனாச்சியில் இருப்பது பதுக்கலா, பதுக்கையா?

என் முடிவை மறைக்காமல் சொல்கிறேன். எடுத்துச் செல்லத் திரும்பி வரும் எண்ணத்தோடு வைத்த கருவிக்கூடம் அல்ல அது. அளவு ஒரு காரணம், முடித்த வேலைப்பாடு இன்னொன்று, யானையெலும்புக் கோல்களைச் சேர்த்து வைத்தது மூன்றாவது. அடக்கமா என்றால், இதுவரை வந்ததில் எலும்புக்கூடு இல்லை. ஆனால் ஒரு குழந்தையின் எலும்பு மண்ணில் எவ்வளவு காலம் தாங்கும் என்பது மண்ணைப் பொறுத்தது. ஆன்சிக் குழந்தையின் எலும்பே சில துண்டுகளாகத்தான் மிஞ்சியது. மனித உடல் இல்லாமலே காணிக்கையாக வைத்திருக்கவும் கூடும். புதிதாக வந்து சேர்ந்த நிலத்துக்கு, அல்லது சாம்பல் பொழிந்த மலைக்கு. இந்தக் கடைசி வாக்கியம் என் ஊகம் மட்டுமே. சாம்பல் அடியில் இருக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு சான்று என்னிடம் இல்லை.

இந்தக் கேள்விக்கு விடை சொல்லக்கூடியது இன்னும் தோண்டாமல் விட்ட மண்தான். எலும்பு கரைந்து போயிருந்தாலும் அதன் பாஸ்பேட் மண்ணில் தங்கும். மரபணுத் துணுக்குகளை மண்ணிலிருந்தே பிரித்தெடுக்கும் முறை 1990இல் இல்லை, இப்போது இருக்கிறது. ஒரு கரண்டி மண் போதும். கருவி ஒன்றைக்கூட அசைக்காமல், கோல்வில் மக்களின் ஒப்புதலோடு, அவர்கள் பார்த்திருக்கச் செய்யக்கூடிய வேலை. 1988இல் கையை இழுத்துக்கொண்டவர்களும் 1990இல் வாசலில் நின்று தடுத்தவர்களும் வேறு வேறு காரணத்துக்காகச் செய்தாலும், அந்த ஒரு கரண்டி மண்ணை அவர்கள்தான் நமக்கு மிச்சம் வைத்திருக்கிறார்கள்.